அண்டைச்சொல்

பிறந்தநாள் காலையில் எழினி சிவன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை முடித்துவிட்டு, விபூதி அழியாத நெற்றியோடு குணச்சீர் நிலையத்துக்கு வந்தாள். தூத்துக்குடியில் இப்போது அதுதான் வழக்கம். பிறந்தநாள் என்றால் முதலில் கோயிலோ மாதாவோ பள்ளிவாசலோ, அப்புறம் நிலையம், அப்புறம் வீட்டில் பாயசம்.

பணியாளர் தாரகை அவளைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, நரம்புத்தூண்டி வளையத்தை நெற்றியில் மாட்டினாள். எதிர்ச்சுவரில் சொல்வரைபடம் விரிந்தது. இரவு வானத்தைப் போன்ற கருநீலத்தில் ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்கள். ஒவ்வொன்றும் ஒரு குணம். எழினிக்கு உரியவை மட்டும் மஞ்சளாக மின்னின.

"போன வருசம் எதுக்கும் மிரளுற 'டிமிட்'டா இருந்தீங்க. இப்ப 'ஷை'. ஒரு படி தள்ளினா 'ரிசர்வ்டு' வந்துரும்க்கா."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா? பேசாம இருக்கிறதுதான?"

"வெளிய இருந்து பாத்தா ஒண்ணுதான். ஷைன்னா பேசணும்னு ஆசை இருக்கும், பயம் விடாது. ரிசர்வ்டுன்னா பயம் கிடையாது, பேச அவசியமில்லன்னு இருப்பீங்க. உங்களுக்கு நிம்மதி."

வருடத்துக்கு ஒரு படி. அதுவும் பக்கத்தில் ஒட்டி நிற்கும் அண்டைச்சொல்லுக்கு மட்டும். பிடிவாதக்கார 'ஸ்டபர்ன்' ஆக இருந்தவர் மனஉறுதியுள்ள 'டிடர்மின்டு' ஆகலாம். சிறுபிள்ளைத்தனமான 'சைல்டிஷ்' ஆக இருந்தவர் குழந்தைமனம் கொண்ட 'சைல்ட்லைக்' ஆகலாம். தூண்டி மூளையில் செய்வது மயிரிழை மாற்றம்தான். ஆனால் அந்த மயிரிழையில்தான் மனிதர்கள் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொள்வதும் வெறுப்பதும் இருக்கிறது என்று கண்டுபிடித்து இரண்டு தலைமுறை ஆகிறது.

எழினி வளையத்தைக் கழற்றினாள். "எனக்கு இந்த வருசம் வேண்டாம். எங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒண்ணு கேக்கணும்."

அவள் கணவன் சேந்தன் துறைமுகத்தில் எந்திரப் பொறியாளர். கல்யாணமான புதிதில் அவனோடு வெளியே போகவே அவளுக்குக் கூச்சமாக இருக்கும். லிஃப்டில் முன்பின் தெரியாத பெண்ணின் கூடையை எட்டிப் பார்த்து, "புடலங்காயா? வீட்டுல யாரோ விருந்தாளி போல" என்பான். ரயில் கோவில்பட்டி தாண்டுவதற்குள் எதிர் இருக்கைக் குடும்பத்தின் சொத்துச் சண்டை முழுவதும் அவனுக்குத் தெரிந்துவிடும். எழினி அவன் தொடையைக் கிள்ளுவாள். வலித்தாலும் கேள்வியை முடிக்காமல் விடமாட்டான்.

சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவான். யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, யாருக்கு எந்த டாக்டர், யார் மகள் யாரை விரும்புகிறாள். "உங்களுக்கு எதுக்குங்க இந்த ஊர்வம்பு?" என்பாள் எழினி. அடுத்த மூச்சில், "அப்புறம்?" என்பாள். அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகையும். அந்த நாட்களில் அவள் பிறர் வீட்டுக்குப் போனது குறைவு. ஆனாலும் குடியிருப்பிலுள்ள அத்தனை வீடுகளும் அவள் சமையலறைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தன.

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணத்தில்தான் அது முறிந்தது. மணப்பெண்ணின் அப்பாவிடம் சேந்தன், "மூத்தவளைக் காணோமே, ஏன் வரல?" என்று கேட்டுவிட்டான். அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பந்தி முழுவதும் பார்த்தது. திரும்பும்போது வண்டியில் எழினி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த பிறந்தநாளில் சேந்தன் அவளிடம் சொல்லாமல் நிலையத்துக்குப் போய்விட்டு வந்தான். "ஊர்வம்பு கேக்குற 'நோஸி'யில இருந்து, விசயம் தெரிஞ்சுக்க ஆசப்படுற 'க்யூரியஸ்'க்கு மாத்திட்டேன். இனிமே உனக்குத் தலைகுனிவு வராது." ஒரு நகையைக் கொடுப்பது போல அதைச் சொன்னான்.

வரவில்லைதான். அவன் இப்போதும் ஓயாமல் கேட்டான்: திமிங்கிலம் எப்படித் தூங்குகிறது, செவ்வாயின் மண்ணில் ஏன் உப்பு. மனிதர்களிடம் "நல்லாருக்கீங்களா?" என்பான், பதிலுக்கு நிற்காமல் நகர்ந்துவிடுவான். பண்பான மனிதர் என்று எல்லோரும் பாராட்டினார்கள். 'நோஸி' தகாத குணங்களின் பட்டியலான கீழ்ச்சொற்கள் வரிசையில் சேர்க்கப்பட்டபின், கீழ்ச்சொல் உள்ளவர்களுக்குக் குடியிருப்பில் வீடில்லை என்ற விதியும் வந்தது. கட்டடமே பண்பாகிவிட்டது. சாயங்காலங்களில் எழினியின் அடுப்பில் எண்ணெய் சரியான பதத்தில் காய்ந்தது.

போன வாரம் மேல்மாடி ரோசலின் பர்னாந்து குளியலறையில் விழுந்துவிட்டார். பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். ஒரு பகலும் ஓர் இரவும் தரையிலேயே கிடந்திருக்கிறார். குழாய் மூடாமல் ஓடுவதைத் தண்ணீர்மானி கவனித்துப் பழுதுபார்ப்பவரை அனுப்பியதால்தான் உயிர் பிழைத்தார்.

அந்தப் பகலில் மொட்டைமாடிக்குப் போகையில் சேந்தன் அவர் வாசலைக் கடந்திருக்கிறான். கதவருகே எடுக்கப்படாமல் ஒரு பொட்டலம் இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து எழினியிடம் ஆர்வமாகச் சொன்னான்: "அந்தப் பெட்டி கடற்பாசியில செஞ்சது. தண்ணி பட்டா கரைஞ்சிருமாம்." அது ஏன் இன்னும் வாசலில் கிடக்கிறது என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது. ஆனால் மாடியேறிக் கதவைத் தட்ட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"எங்க வீட்டுக்காரரைப் பழைய சொல்லுக்கே மாத்த முடியுமா?" என்று எழினி தாரகையிடம் கேட்டாள்.

"கீழ்ச்சொல்லுக்குத் திரும்பச் சட்டத்துல இடமில்லக்கா. வேணும்னா 'கன்சர்ன்ட்' தரலாம். அடுத்தவங்களுக்கு ஏதாவதுன்னா மனசு பதறும்."

"ஏதோ ஆச்சுன்னு தெரிஞ்சாத்தான பதறும்? தெரிஞ்சுக்கிடறதுக்கு யாரு போய்க் கேப்பா?"

தாரகை வரைபடத்தில் வேறு சொல் தேடினாள்.

"நாங்க 'விசாரிக்கிறது'ன்னு சொல்லுவோம். காய்ச்சலாக் கிடந்தா விசாரிப்பாவ. பொண்ணு ஏன் வாழாம வந்துட்டான்னும் விசாரிப்பாவ. அந்தச் சொல்லு இதுல எங்க இருக்கு?"

தாரகை அதைத் தட்டச்சு செய்தாள். வரைபடத்தில் ஒரே சமயத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் மஞ்சள் ஒளி பரவியது, மேல்வரிசையிலும் கீழ்வரிசையிலும். எதிலும் நிற்காமல் நடுங்கி அணைந்தது. "தமிழ்ல வரைபடம் போட்டுப் பாத்தாங்கக்கா. இப்படித்தான் ஆயிருது. எந்தச் சொல்லும் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது."

வீட்டில் சேந்தன் பாயசம் செய்துவைத்திருந்தான். "எந்தச் சொல்லுக்கு மாறின?"

"மாறல."

"ஏன்?"

எழினி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் புண்படுவான் என்று பயந்தாள். அவனோ ஒரு புதிய உயிரினத்தைப் பற்றிக் கேட்பது போல முகம் மலர்ந்து கேட்டான்.

"நினைவிருக்கு. ஆனா அப்ப நானா இருந்த அந்த ஆளு உள்ள எப்படி இருந்தான்னு பிடிபடல. புடலங்காய வச்சு விருந்தாளின்னு எப்படிச் சொன்னேன்?"

"கூடையில பெரிய வாழையிலைக் கட்டும் இருந்துச்சுன்னு அன்னைக்கு நீங்கதான சொன்னீங்க."

அவன் சிரித்தான். இன்னொன்று கேட்டான். அவள் சொன்னாள். ரயில் குடும்பத்தில் கடைசித் தம்பிக்குப் பங்கு கிடைத்ததா? கிடைத்தது, சேந்தனே பிறகு அவர்களுக்கு ஃபோன் செய்து கேட்டிருந்தான். சொல்லச்சொல்ல எழினிக்கே தன் குரல் வேறாகக் கேட்டது. இவ்வளவு நீளமாக அவள் பேசி எத்தனையோ காலமாகிறது.

"பாளையங்கோட்டைப் பொண்ணு? அந்த மூத்தவ? அப்புறம் வந்தாளா?"

"தெரியாதுங்க. அதுக்கப்புறம் யாரு கேட்டா?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். புருவம் சுருங்கியது. திமிங்கிலத்தைப் பற்றிக் கேட்கும்போது அப்படிச் சுருங்குவதில்லை.

"சரி, ரோசலினக்காவுக்கு ஒரு மகன் உண்டே, கொச்சியில. இவ்வளவு ஆகியும் ஏன் வரல?"

எழினி, அசைந்தால் கலைந்துவிடுமோ என்று அப்படியே உட்கார்ந்திருந்தாள். இது எந்தச் சொல்? ஒருவேளை வளையத்தை மாட்டிப் பார்த்தால் இன்னும் 'க்யூரியஸ்'தான் மின்னுமோ என்னவோ. அவளுக்கு அதைத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

"வா, போய்ப் பாத்துட்டு வருவோம்," என்றான் அவன், ஏற்கெனவே எழுந்துவிட்டான்.

மருத்துவமனையில் ரோசலின் தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் கட்டு. தினமும் பலர் வந்து நலமா என்று கேட்டு, பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மேசை நிறையப் பூக்கள்.

"நல்லாருக்கீங்களாக்கா?" என்றான் சேந்தன்.

"நல்லாருக்கேன் தம்பி. ரொம்ப நன்றி," என்றார் அவர். எல்லோரிடமும் சொன்ன அதே குரல்.

வழக்கமாக அவன் நகரும் இடம் அது. நகரவில்லை. நாற்காலியை இழுத்துக் கட்டிலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான்.

"மகன் வரலியாக்கா? உங்க ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?"

வாசலருகே நின்ற நர்ஸ் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். எழினிக்குக் காதுமடல் சுட்டது. பழகிய சூடு. அவள் கை தானாக அவன் தொடைப்பக்கம் போனது, கிள்ளாமல் நின்றது.

ரோசலின் முகம் சிவந்தது. "என்ன கேள்வி இது? எங்க வீட்டு விசயம் உமக்கு எதுக்கு? வெக்கமா இல்ல, இப்படிக் கேக்குதீரு?"

"கேக்குதேன். சொல்லுங்க."

அவர் உதட்டைக் கடித்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கட்டுப்போட்ட கையால் கண்ணைத் துடைத்தார்.

"எழினி, அந்தக் கதவக் கொஞ்சம் சாத்து," என்றார். "அவன் கல்யாணத்துல ஆரம்பிச்சது இது."