ஆள் வருது

சங்கரன்கோவிலிலிருந்து ஊத்துமேட்டுக்கு நாளைக்கு இரண்டே நடை பஸ். காலையில் ஒன்று, பிற்பகல் இரண்டரைக்கு ஒன்று. விட்டால் சிவகிரி வரை எப்படியாவது போய், அங்கிருந்து மலையடிவாரத்துக்கு மாட்டுவண்டி தேட வேண்டும். கிடைக்காவிட்டால் நடராஜா சர்வீஸ்தான்.

1979இல் ஊத்துமேட்டில் நான் நர்ஸ். பெயர் ஞானபூரணம். வயது முப்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. மலையைப் பார்த்த ஒற்றை அறை வீடு. பொழுது சாய்ந்தால் சுவரோடுதான் பேச்சு. அதனால் அந்த ஐப்பசித் திங்கட்கிழமை, சங்கரன்கோவில் ஆபீசில் தூத்துக்குடிக்கு மாற்றல் உத்தரவு கைக்கு வந்தபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அங்கே அக்காவும் அவள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மறுநாள் காலை பஸ்ஸிலேயே கிளம்பிவிட நினைத்தேன்.

இங்கே பஸ்ஸில் இடம் பிடிப்பது ஒரு வித்தை. வண்டி ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே ஆண்கள் ஓடிவந்து ஜன்னல் வழியாகத் துண்டை எறிவார்கள். துண்டு விழுந்த இடம் துண்டுக்காரருக்கு. யாராவது கேட்டால் 'ஆள் வருது' என்று சொன்னால் போதும். எனக்குத் துண்டு போட ஒருவரும் இல்லாததால் சிவகிரி வரை நின்றே போய்ப் பழகிவிட்டேன்.

அன்று பிற்பகல் ஊத்துமேட்டுக்குத் திரும்பும்போது நல்ல காய்ச்சல். கால் தள்ளாடியது. பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. மூன்றாவது வரிசையில் மட்டும் இருவர் சீட் ஒன்று காலியாகக் கிடந்தது. ஜன்னலோரம் ஒன்றுமில்லை, பக்கத்து இடத்தில் ஒரு சிவப்புக்கரைத் துண்டு. முன்பும் அதைப் பார்த்திருக்கிறேன். வழியில் யாரோ ஏறுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அன்று ஊரைத் தாண்டியும் யாரும் ஏறவில்லை. ஆளில்லாத துண்டுக்கு என்ன மரியாதை என்று அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

துண்டு ஈரமாக இருந்தது.

சேறும் பாசியும் கலந்த வாடை.

எதிரே நின்ற பெண் தன் குழந்தையின் முகத்தை மாராப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர் காளிராஜ் குனிந்து, "ஏன் சிஸ்டர் எடுத்தீங்க? அது சிவனாண்டி போட்டது" என்று கிசுகிசுத்தார்.

சிவனாண்டி ஊத்துமேட்டில் தனிக்கட்டையாக இருந்தவனாம். திங்கள்தோறும் டவுனுக்கு வந்து திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் துண்டு போட்டு வைப்பான். கேட்டால் ஆள் வருது என்பான். ஒரு நாளும் யாரும் வந்ததில்லை. போன ஐப்பசியில் வெள்ளம் அவனை ஓடையோடு கொண்டுபோய்விட்டது. துண்டு மட்டும் திங்கள்தோறும் வந்து விழுகிறது.

"ஒரு வருசமா அங்கன யாரும் உக்காரல. இனி, ஆள் வந்துட்டுன்னு நெனச்சுக்கிடுவாம்லா."

எழுந்துவிட்டேன். துண்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். சிவகிரிக்குப் பிறகு பஸ் முழுக்கக் காலி. அப்போதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயம்தான், ஒளிப்பானேன்.

மறுநாள் காலை பெட்டியோடு ஏறினேன். எந்த சீட்டிலும் துண்டு இல்லை. போன உயிர் திரும்பி வந்தது. சங்கரன்கோவிலில் இறங்கி, திருநெல்வேலி பஸ்ஸுக்கு ஓடினேன். வெயில் சுள்ளென்று அடித்தது. படிக்கட்டு வரை கூட்டம். முட்டி மோதி உள்ளே போனேன்.

மூன்றாவது வரிசை. ஜன்னலோரம் காலி.

பக்கத்தில் சிவப்புக்கரைத் துண்டு.

பின் சீட்டில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர், "உக்காருங்கம்மா. நர்ஸம்மா வாராவ, நர்ஸம்மா வாராவன்னு அந்த ஆளு ஒருத்தரையும் உக்கார விடல. இப்பம் வரைக்கும் இங்கனதான் இருந்தாரு" என்றார்.

கத்த வேண்டும் போலிருந்தது. இறங்கி ஓடலாம் என்றால் பஸ் நகர்ந்துவிட்டது. அதோடு இன்னொன்று, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. என் வாழ்நாளில் அன்றுதான் முதல்முறையாக எனக்கென்று ஒருவர் இடம் பிடித்து வைத்திருந்தார்.

உட்கார்ந்தேன்.

ஊர் எல்லை தாண்டியதும் ஜன்னலோர சீட் மெல்ல அமுங்கியது. என் புடவையின் இடப்பக்கம் ஈரம் ஏறத் தொடங்கியது.

கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் குனிந்து, "ஜன்னலோரம் ஆள் வருதாக்கா?" என்று கேட்டாள்.

"வந்தாச்சு" என்றேன்.