லுக்ரேசியாவுக்கு வைத்த தட்டு

செண்டுமல்லிக் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு ஹெர்மிலோ சந்தையிலிருந்து திரும்பியபோது, மகள் சோய்லா வாசலில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நவம்பர் முதல் தேதி. மெக்சிகோ நகரத்தில் அன்று எந்த வாசலைப் பார்த்தாலும் மஞ்சள் பூதான். நண்பகல் மணி அடித்ததும் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள், மறுநாள் நண்பகல் மணிக்குக் கிளம்பிவிடுவார்கள்.

சோய்லா அவர் பையிலிருந்து, செத்தவர்களுக்குப் படையலில் வைக்கிற சர்க்கரை மண்டையோடுகள் இரண்டை எடுத்தாள். நெற்றியில் பெயர் எழுதியிருந்தது.

"ஒத்தீலியா. அம்மா பேரு, சரி. இந்த லுக்ரேசியா எதுக்குப்பா? அந்தப் படத்துல வர்ற கறுப்புக் கையுறைக்காரியா?"

"அவதான்."

"நடிகை இன்னும் குத்துக்கல்லாட்டம் இருக்காளே! போன வாரம் டிவியில பேரனுக்குக் கேக் ஊட்டிட்டிருந்தா."

"நடிகைக்கு எவன் வெச்சான்? உயிரோட இருக்கறவங்களுக்கு வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? இது லுக்ரேசியாவுக்கு. படத்துல அவ செத்துட்டாள்ல?"

"பொறக்காதவளுக்கு ஏதுப்பா சாவு?"

ஹெர்மிலோ மண்டையோட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பிடித்தால் பிடித்த பிடிதான் அவருக்கு. மீசை முளைக்காத வயதில் பார்த்த ஒரே ஒரு பேய்ப் படம் அவரை ஆட்டிவைத்தது. அந்தப் படத்தின் சாமான்களைத் தேடித் தேடிச் சேர்த்தே அவர் தலை நரைத்தது. முன்னறையில் மனிதர் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. இருந்த ஒன்றிலும் கயிறு கட்டியிருக்கும், லுக்ரேசியா உட்கார்ந்த நாற்காலி அது. அவளுடைய தோல் கையுறைகளுக்கு விரல் விரலாகப் பஞ்சு அடைத்து, காற்றுப் புகாத பெட்டியில் வைத்திருந்தார். வியர்வை பட்டால் தோல் கெட்டுவிடும் என்று வெறும் கையால் தொட்டதே இல்லை.

"ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று மனைவி ஒத்தீலியா சொல்லிக்கொண்டே இருப்பாள். அவர் சிரிப்பார். போன மார்ச்சில் ஒருநாள் தூக்கத்திலேயே ஒத்தீலியா போய்விட்டாள், ஒரு வார்த்தை சொல்லாமல்.

அவளுக்கு இது முதல் படையல். அவளுக்குப் பிடித்த மோலே குழம்பை, கை எரிய மிளகாய் அரைத்து, அவரே வைத்திருந்தார். அவள் வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போனால் போதும். வேறு எதுவும் வேண்டாம். செத்தவர்கள் உணவில் ருசியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் அதை வாயில் வைத்தால் சப்பென்று இருக்கும். வந்து போனதற்கு அதுதான் அடையாளம்.

சோய்லா கல்லறையைக் கழுவக் கிளம்பினாள். ஹெர்மிலோ தெருக்கதவைத் திறந்துவைத்து, அங்கிருந்து படையல் வரை பூவிதழ்களைத் தூவினார். ஒத்தீலியாவின் படத்துக்கு முன்னால் ஒரு தட்டு. பக்கத்தில் லுக்ரேசியாவின் படம், அதற்கு முன்னால் ஒரு தட்டு, கையுறைகள்.

மணி அடித்தது.

சாம்பிராணிப் புகை நேராக எழுந்துகொண்டிருந்தது. திடீரென்று வீட்டின் உள்பக்கமாகச் சாய்ந்தது. பழைய முகப்பவுடர் வாசனை வந்தது. ஒத்தீலியா பவுடர் பூசியதே இல்லை.

திறந்திருந்த கதவை யாரோ தட்டினார்கள்.

"மேசையில எனக்கு ஒரு இடம் இருக்கா?"

கிசுகிசுத்த குரல். அந்தப் படத்தில் லுக்ரேசியா முதன்முதலில் வரும் காட்சியின் வசனம். திரையில் அவள் அதைக் கேட்கும்போதெல்லாம், வீட்டுக்காரன் சொல்லும் பதிலை ஹெர்மிலோவும் கூடவே முணுமுணுப்பார். வாழ்நாள் பழக்கம். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"இருக்கு. உள்ள வாங்க."

வெயில் கொட்டும் தெருவில் யாரும் இல்லை. ஆனால் பூவிதழ்கள் ஒவ்வொன்றாக அமுங்கின, வாசலிலிருந்து, அவரை நோக்கி.

நாற்காலியின் கயிறு அவிழ்ந்து விழுந்தது.

அவர் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அப்போதுதான் வாசலில் அந்தச் சத்தம் கேட்டது. சரக், சரக். இடது காலை லேசாக இழுத்து நடக்கும் செருப்புச் சத்தம். கூடவே அந்த வறட்டு இருமல்.

"ஒத்தீலியா! வாடி, உள்ள வாடி!"

செருப்புச் சத்தம் படியில் நின்றது. கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தது. பிறகு சரக், சரக் என்று தெருவோடு போயிற்று.

ஹெர்மிலோ ஓடினார். வெறும் தெரு. ஒப்பாரி வைக்காத குறையாக அவள் பெயரைச் சொல்லி அழைத்தார். எதிர்வீட்டு நாய்தான் எட்டிப் பார்த்தது.

இரவெல்லாம் கல்லறையில் விழித்திருந்துவிட்டு, மறுநாள் நண்பகல் மணி அடிக்கும்போது சோய்லா வந்தாள். அப்பா படையலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"உங்கம்மா தட்டுல ஒரு வாய் எடுத்துப் பாரு."

தொட்டு நாக்கில் வைத்தாள். காரம் சுரீரென்று ஏறிக் கண்ணில் நீர் வந்தது.

"இப்போ அந்தத் தட்டு."

அதே குழம்பு. அதே சட்டியில் வைத்தது. நனைந்த காகிதத்தை மென்றதுபோல் இருந்தது. சோய்லா துப்பிவிட்டாள்.

கையுறைகளுக்குள் இருந்த பஞ்சு தரையில் கிடந்தது. அவள் ஒன்றை எடுத்து விரலை நுழைத்துப் பார்த்தாள். உள்ளே சூடாக, ஈரமாக இருந்தது.

"வியர்வை" என்றார் ஹெர்மிலோ.

சோய்லா பிறகு நிற்கவில்லை. லுக்ரேசியா பெயர் எழுதிய மண்டையோட்டை நொறுக்கினாள். படம், கையுறை, நாற்காலி எல்லாவற்றையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாள். வாழ்நாளெல்லாம் சேர்த்தது எரிவதைப் பார்த்தும் அவர் தடுக்கவில்லை.

"மணி அடிச்சாச்சு. எல்லாரும் போயாச்சு. அவளும் போயிருப்பாப்பா."

"மத்தவங்களுக்குத் திரும்பிப் போக ஒரு கல்லறை இருக்கு. அவ எங்க போவா?"

"சும்மா பயமுறுத்தாதீங்க. வாங்க, சாப்பிடலாம். அடுத்த வருஷம் அம்மாவுக்கு மட்டும் வைப்போம்."

புதிதாகக் கோழி சூப் வைத்தாள். அடுக்களை மேசையில் இரண்டு கிண்ணங்களில் ஊற்றினாள். ஹெர்மிலோ ஒரு கரண்டி குடித்தார். மகளைப் பார்த்தார்.

சோய்லாவும் குடித்தாள். முகம் மாறியது. "உப்புப் போட மறந்துட்டேன் போல" என்று சொல்லி உப்பைத் தூவினாள். குடித்தாள். எலுமிச்சையைப் பிழிந்தாள். பச்சை மிளகாயைக் கடித்து, மென்று, கடித்ததைக் கையில் துப்பிப் பார்த்தாள்.

ஹெர்மிலோ உப்பை மட்டும் கிள்ளி நாக்கில் வைத்துக்கொண்டார்.

உப்பு கரிக்கவில்லை.