பதில் சொல்லாத சடையாண்டி

"விசில எடுங்கடா! இன்னைக்கு அவன் இல்லாமக் கீழ எறங்குறதில்ல!"

பவுனுத்தாய் கத்திக்கொண்டே கரடிமுடிக் காட்டுக்குள் கால்வைத்தாள். பின்னால் ஐந்து பேர். தேடத் தொடங்கி அது மூன்றாம் நாள். அவர்களுடைய தன்னார்வ மீட்புக் குழுவைச் சேர்ந்த சடையாண்டியே காணாமல் போயிருந்தான்! தேன் எடுக்கப் போனவன் திரும்பவில்லை.

குழுவுக்கு மாதந்தோறும் பயிற்சி வைப்பவள் பவுனுத்தாய். காட்டில் தொலைந்தவனாக நடிப்பது எப்போதும் சடையாண்டிதான். மூன்று விசில் ஊதினால் போதும், "ஏய், இங்கனதான்யா கெடக்கேன்!" என்று புதர் அதிரும். அரை மணியில் ஆளைத் தூக்கி வந்துவிட்டுக் கறிச்சோற்றில் உட்காருவார்கள். "வெரசாக் குரல் குடு தம்பி, பயலுக சோந்துருவாங்க" என்று அவனுக்குச் சொல்லிவைத்ததும் அவள்தான்.

இப்போது ஊதி ஊதி உதடு வெடித்துவிட்டது. பதில் வராத இடத்தையெல்லாம் ஜெபராஜ் வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தான். மதியத்துக்குள் அடிக்க இடமில்லை.

"முடிஞ்சுதுக்கா. பாக்காத எடமே இல்ல." அவன் உட்கார்ந்துவிட்டான்.

"பாத்தமா?"

"கூப்புட்டமேக்கா!"

பவுனுத்தாய் வரைபடத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். "கூப்புட்டோம்டா. பாக்கல. பேச முடியாமக் கெடந்தா?"

பன்னிரண்டு பயிற்சி! ஒன்றிலாவது அவனை வாய்மூடிக் கிடக்கச் சொன்னாளா, பாவி!

"விசில உள்ள வைங்க. கைநீட்டுத் தூரத்துல வரிசையா நின்னு, ஒவ்வொரு பொதரா வெலக்கிப் பாருங்க. மொதல்லருந்து!"

யாருக்கும் நம்பிக்கை இல்லை. பிணத்தையாவது அவன் பெண்டாட்டியிடம் சேர்க்க வேண்டுமே என்றுதான் நடந்தார்கள்.

பாதையிலிருந்து இருபதே அடி. உண்ணிச்செடிப் புதருக்கடியில் சடையாண்டி கிடந்தான். தாடை உடைந்திருந்தது, கால் முறிந்திருந்தது, உடம்பெல்லாம் எறும்பு.

"உசுரு இருக்குக்கா!"

டோலி கட்டி ஓட்டமாக இறக்கினார்கள். அடிவாரத்தில் ஊரே திரண்டு கைதட்டியது. பவுனுத்தாய் அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"நாங்க கூப்புட்டது கேட்டுச்சா தம்பி?"

அவன் மூன்று விரலை நீட்டினான். மூன்று முறை அவனைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். அத்தனை கைதட்டலுக்கு நடுவே அவள் தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

கால் கூடியதும் அடுத்த பயிற்சிக்குச் சடையாண்டியே போய் ஒளிந்தான், குரல் கொடுக்கவில்லை. சாயங்காலம்வரை தேடினார்கள். கறிச்சோறு ஆறிப்போனது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை.