கேல் பிரானக்கின் இடது புருவம்

முதலைகளையும் ஓர் எரிமலையையும் வெறுங்கையால் அடக்கிய கதாநாயகன் கேல் பிரானக்கைப் படைத்த எழுத்தாளர், மாடிப்படியில் பூனை ஒன்று படுத்திருந்ததால், அது எழுந்து போகும்வரை கீழேயே நின்றுவிட்டுத்தான் மேலே வந்தார். நியூயார்க்கின் முப்பத்தெட்டாம் தெருவில், பொத்தான் கடைக்கு மேலே இருந்தது மிஸஸ் ஹில்டா பிராக்கின் துப்பறியும் அலுவலகம்.

வந்தவர் யார் என்று தெரிந்ததும் உதவியாளன் ஆஸி பிளங்கெட்டுக்கு மூச்சடைத்தது. பிரானக் கதைகள் வரும் 'ரோரிங் மைல்ஸ்' பத்திரிகையை மை காய்வதற்குள் வாங்கி, சுரங்க ரயிலில் நின்றபடியே படித்து முடிக்கிற ஆள் அவன். முப்பது வயதைத் தாண்டியும், பூட்டிய கதவைக் கண்டால் தோளால் இடிக்கலாமா என்று யோசிக்கிற பழக்கம் போகவில்லை. பிரானக்கின் படைப்பாளி கழுத்தில் புலிநகம் தொங்கும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தான். வெண்டல் ஷுமாக்கின் கழுத்தில் மஃப்ளர்தான் இருந்தது. அதுவும் ஜூன் மாதத்தில்.

"என்னைத் திருடன்னு சொல்றாங்கம்மா," என்றார் ஷுமாக். "மேஜர் தாடியஸ் விட்காம்ப்னு ஒருத்தர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதிலேயே காங்கோ காட்டுல உக்காந்து சொந்தக் கதையை எழுதி எங்க ஆபீசுக்கு அனுப்பினாராம். நான் அதை அமுக்கி வச்சுக்கிட்டு, முப்பத்திரண்டுல பேரை மாத்தி பிரானக்னு விட்டுட்டேனாம். கார்பன் நகல் வேற வச்சிருக்காரு."

மிஸஸ் பிராக் ஜாடியிலிருந்து ஒரு வெள்ளரி ஊறுகாயை எடுத்தாள். "அமுக்கினீங்களா?"

"ரயில்ல பக்கத்து சீட்டுக்காரர் பேப்பரைக்கூட எட்டிப் பாக்காதவன்மா நான்! சனிக்கிழமை நிருபர்களைக் கூப்பிட்டு, மேஜர்தான் நிஜ பிரானக்னு அறிவிக்கப் போறாரு எங்க முதலாளி ஹார்வி கிளம்ப். அப்புறம் இந்த ஊர்ல எந்தப் பத்திரிகையும் என்னை வாசப்படி ஏத்தாது. அதுகூடப் போகட்டும். பிரானக்கை அந்த ஆள் கையில குடுத்துருவாங்க. அவர் எழுதினதுல ஒரு பக்கம் படிச்சேன். பிரானக் முதலைக்கு நின்னு புத்திமதி சொல்றான்மா. முதலையும் கேட்டுக்கிட்டே இருக்கு!"

ஆஸி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். இது சாதாரண வழக்கு இல்லை.

அன்று மதியமே மூவரும் முதலாளி கிளம்ப்பின் அலுவலகத்துக்குப் போனார்கள். சுவர் முழுக்க அட்டைப்படங்களின் மூல ஓவியங்கள். நடுநாயகமாக, பிரானக் வந்த முதல் இதழின் படம்: ஆற்றில் தெப்பம், சுற்றிலும் முதலைகள், கையில் எரியும் துடுப்போடு பிரானக். ஒரு காலில் முழங்கால்வரை பூட்ஸ், மறுகால் வெறுங்கால். இடது புருவம் நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கிறது. புருவத்தைப் பிளந்தது சிறுத்தை, பூட்ஸைப் பிடுங்கியது முதலை என்று ஆஸி தூக்கத்தில்கூடச் சொல்வான்.

மேஜர் அறைக்குள்ளும் வேட்டைக்காரத் தலைக்கவசத்தைக் கழற்றாமல் நின்றிருந்தார். முகத்தில் பவுடர் வாசனை. அவருடைய இடது புருவத்திலும் அதே பிளவு! ஆஸியின் கை தானாகச் சல்யூட் அடித்துவிட்டது.

"சிறுத்தை, தம்பி," என்றார் மேஜர். "அது ஒரு அறை விட்டுச்சு. நான் ஒரு அறை விட்டேன். இப்ப அது என் வீட்டுல தரைவிரிப்பு."

ஹார்வி கிளம்ப் சுருட்டை ஆட்டினார். "நகலைப் பாருங்கம்மா. முதல் பக்கத்துலயே பிளந்த புருவம், ஒத்தைக்கால் பூட்ஸ், எல்லாம் எங்க அட்டையில இருக்கற மாதிரியே இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்? சனிக்கிழமை கோனி தீவு வேடிக்கைப் பூங்காவுல ஒரு சிங்கக்கூண்டும் பேசிட்டேன். அறிவிச்ச கையோட மேஜர் உள்ள போறாரு."

"ஹா!" என்று மேஜர் சிரித்தார். கொஞ்சம் தாமதமாகத்தான் சிரித்தார். "சிங்கம்... வயசானதுதானே?"

"சேச்சே! உங்களுக்குப் போய்க் கிழச்சிங்கமா? இளசாக் கேட்டு வாங்கியிருக்கேன்."

மேஜருக்குத் திடீரென்று சாப்பாட்டு நேரம் நினைவுக்கு வந்து போய்விட்டார். கதவு மூடியதும் கிளம்ப் ஒரு புதிய ஓவியத்தை ஷுமாக்கின் பக்கம் தள்ளினார். "திருடனா இருந்தாலும் இந்த மாசக் கதை உன் பொறுப்புதான்யா. செவ்வாய்க்கிழமைக்குள்ள இதுக்கொரு கதை கட்டிக் குடுத்துட்டுப் போ."

படத்தில் பெரிய ஆக்டோபஸ் ஒன்று தட்டச்சு இயந்திரத்தைக் கட்டிப் பிடித்திருந்தது.

"ஆக்டோபஸ்கிட்ட டைப்ரைட்டர் எதுக்கு சார்?"

"எனக்கென்ன தெரியும்? ஆல்டோ வீட்டுல அன்னிக்கு அதுதான் இருந்திருக்கும். அவன் இஷ்டத்துக்கு வரைவான், காரணம் கண்டுபிடிக்கறது உன் வேலை. புதுசா வந்தவன் மாதிரி கேக்கறியே!"

மிஸஸ் பிராக் மெல்லுவதை நிறுத்தினாள். "யார் அந்த ஆல்டோ?"

"ஓவியர். புரூக்ளின்ல இருக்கான். நானும் பாத்ததில்ல, ஷுமாக்கும் பாத்ததில்ல. மச்சினன் சலவை வண்டியில படம் வந்து இறங்கும். அவ்வளவுதான்."

மறுநாள் அவளும் ஆஸியும் புரூக்ளினுக்குப் போனார்கள். ஆல்டோ ஃபெரான்டி ஒல்லியானவர், வழுக்கைத்தலை. துடைப்பக் கட்டையை ஓங்கியபடி, மனைவியின் அலமாரிக் கண்ணாடி முன் மூச்சைப் பிடித்து நின்றிருந்தார். ஒரு காலில் பூட்ஸ், மறுகாலில் ஓட்டைக் காலுறை. வலது புருவத்தின் நடுவே பழைய காயத்தின் வழுவழுப்பான கோடு.

"மாடலுக்கு ஆள் வைக்கற வசதி ஏது மேடம்? நானே நின்னு நானே வரைஞ்சுக்கறேன்," என்றார் அவர். "பூட்ஸா? நாடகக் கம்பெனி ஏலத்துல ஒத்தைதான் கிடைச்சுது. இல்லாததை என்னால வரைய முடியாது. தொழில் தர்மம்."

"புருவத்துல என்ன காயம்?"

"அதை ஏன் கேக்கறீங்க! முப்பத்திரண்டு ஜனவரி. காய்கறி வண்டிகிட்ட முட்டைக்கோஸ் இலை ஒண்ணு கிடந்துது. வழுக்கி வண்டி விளிம்புலயே போய் விழுந்தேன். தையல் பிரிச்ச வாரம்தான் அந்த முதலைப் படத்தை ஆரம்பிச்சேன்."

திரும்பும் ரயிலில் ஆஸி உதட்டைப் பிதுக்கினான். "ஒரு நிமிஷம் பிடிச்சுட்டோம்னு நினைச்சேன் மேடம். ஆனா ஓவியருக்கு வலது புருவம். பிரானக்குக்கு இடது. சம்பந்தமே இல்ல."

"நல்லாத்தான் கவனிச்சிருக்கே ஆஸி," என்றாள் அவள். "பாதி கிணறு தாண்டிட்டே."

சனிக்கிழமை விடிந்ததுமே, நிருபர்கள் சீக்கிரம் வந்துவிட்டார்கள் என்று சொல்லி, மேஜரை ஹோட்டலிலிருந்து அவசரமாக அழைத்துவரச் செய்தாள் மிஸஸ் பிராக். கிளம்ப்பின் அறையில் நிருபர் ஒருவரும் இல்லை. ஷுமாக்கும், குளித்து இரண்டு காலிலும் சாதாரணச் செருப்பு போட்ட ஆல்டோவும் கிளம்ப்போடு இருந்தார்கள்.

"வெளியில இருக்கற எல்லாருமே கதையைப் படிச்சுட்டுத்தான் ஓவியர் படம் வரைவார்னு நினைப்பாங்க," என்று மிஸஸ் பிராக் நிதானமாகத் தொடங்கினாள். "மேஜர் சாரும் அப்படித்தான் நினைச்சாரு. இந்த ஆபீஸ்ல எல்லாமே தலைகீழ். முதல்ல படம், அப்புறம்தான் அதுக்குக் கதை. பிரானக் ஏன் ஒத்தை பூட்ஸோட நிக்கறான்? ஆல்டோகிட்ட ஒத்தை பூட்ஸ்தான் இருந்துது. ஷுமாக் பாவம், காரணம் தேடி ஒரு முதலையைப் பிடிச்சாரு. புருவம் ஏன் பிளந்திருக்கு? ஒரு முட்டைக்கோஸ் இலை. அதுக்கும் அவர் ஒரு சிறுத்தையைக் கொண்டுவந்தாரு."

"ஆனா மேடம், வலது..." என்றான் ஆஸி.

அவள் கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து ஆல்டோவிடம் நீட்டினாள். "இதைப் பாத்தே ஒரு படம் போடுங்க. உங்க வலது பக்கம் படத்துல இருக்கற ஆளுக்கு எந்தப் பக்கமா வரும்?"

"இடது பக்கமா வரும்," என்றார் ஆல்டோ, திகைத்து. சுவரிலிருந்த மாவீரனையும் தன் கையிலிருந்த கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பார்க்க மற்றவர்களும் பார்த்தார்கள். தொப்பியையும் தாடையையும் நீக்கிவிட்டால், ஆப்பிரிக்காவை நடுங்க வைத்த கேல் பிரானக் அசல் ஆல்டோதான். ஆஸியின் உள்ளே ஏதோ ஒரு எரிமலை பொசுக்கென்று அணைந்தது.

"முப்பத்திரண்டுல புரூக்ளின்ல பட்ட காயம், ஏலத்துல ஒத்தையா வந்த பூட்ஸ். இந்த ரெண்டும் இருபத்தொன்பதுல எழுதின காங்கோ கதையில எப்படி வந்துது? பத்திரிகையைப் பாத்து எழுதினாத்தான் வரும்."

"என் தழும்பு?" என்று மேஜர் முழங்கினார். "இதுவும் பத்திரிகையைப் பாத்து வந்ததா?"

"ஜன்னல் பக்கம் கொஞ்சம் வாங்க. தழும்புல முடி முளைக்காது மேஜர் சார். சவரம் பண்ணின இடத்துலதான் முளைக்கும். தினமும் பவுடர் போட்டு மறைச்சீங்க. இன்னிக்கு அவசரத்துல விட்டுட்டீங்க."

காலை வெயிலில், சிறுத்தை அறைந்த இடத்தில், எறும்பு வரிசைபோலக் கருகருவென்று முடி தலைநீட்டியிருந்தது.

மேஜர் தலைக்கவசத்தைக் கழற்றினார். அதற்குள்ளிருந்து ஒரு சாதாரண மனிதர் வெளிப்பட்டார். "டொலீடோங்கற ஊர்ல குடை விக்கறேன்," என்றார். "ஒரு இதழ்கூட விட்டதில்லீங்க. படிச்சுப் படிச்சு... நானேதான் பிரானக்குன்னு தோண ஆரம்பிச்சுடுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப அந்தச் சிங்கம்?"

"சிங்கமாவது மண்ணாவது! வேண்டாம்னு போன் பண்ணிடறேன்," என்று கிளம்ப் உறுமினார். பாதியில் நிறுத்தி, ஆல்டோவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஒருவேளை, நிஜ பிரானக் இவன்தான்னு..."

"எனக்கு முட்டைக்கோஸே பயம் சார்," என்று ஆல்டோ கதவுப் பக்கம் நகர்ந்தார்.

குடை வியாபாரி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, கழுத்துப் பட்டியைத் தளர்த்தி, நான்கு நாளாக அடக்கிய மூச்சை விட்டார். அந்த அறையில் எல்லோரையும்விட நிம்மதி அடைந்தவர் அவர்தான் என்று ஆஸிக்குப் பட்டது. மிஸஸ் பிராக் ஊறுகாய் ஜாடியை நீட்ட, அவர் நன்றியோடு ஒன்றை எடுத்துக்கொண்டார்.

ஷுமாக் மஃப்ளரை அவிழ்த்து மடித்து வைத்தார். புதிய ஓவியத்தை மடிமேல் தூக்கி வைத்து வெகுநேரம் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"ஆக்டோபஸ்கிட்ட டைப்ரைட்டர் எதுக்குன்னு தெரிஞ்சுபோச்சு, கிளம்ப் சார்."

"எதுக்காம்?"

"பிரானக் கதையெல்லாம் தான்தான் எழுதினேன்னு சொல்லப்போகுது."