எறும்பு மொய்த்த விதைச் சாக்கு

1959 மார்ச் 12. காலை மணி 7.10.

சிராங்கூன் வட்டாரத்தில் சிங்காரத்தின் தோட்டம். எட்டுப் பாத்தி பயத்தங்காய்க் கன்றுகள் செத்துக் கிடந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாக அழுகியிருந்தது.

மணி 9.00. கடைக்காரர் ஒலி முகம்மதுவைப் போலீஸ் ஜீப்பில் தோட்டத்துக்கு அழைத்து வந்தார் இன்ஸ்பெக்டர் தனசேகரன். வேரழுகல் வராமலிருக்க விதையில் கலக்கும் மருந்து ஒலி முகம்மதுவின் ஜாலான் புசார் கடையில் வாங்கியது.

"போலி மருந்து வித்துட்டாரு சார்! கடையப் பூட்டுங்க!" சிங்காரம் கத்தினார்.

"இன்னைக்குப் பூட்டினா நாளைக்கு எவன் சார் என்கிட்ட வருவான்?" என்றார் ஒலி முகம்மது.

தனசேகரன் பாத்திகளைச் சுற்றி நடந்தார். கிணற்றடியில் இரண்டு பாத்தி மட்டும் பச்சையாக நின்றன.

"இதுக்கு எந்த மருந்து?"

"இதே டின்னுதான். போன மாசம் இதுக்குப் பாதி, இப்ப அந்த எட்டுக்கு மீதி," என்றார் சிங்காரம்.

"மேல நல்லது, அடியில போலி," என்றான் தோட்டத்து மேஸ்திரியான மண்டோர் மருதப்பன். "கடைக்கார நானா பலே ஆளு லா."

வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு பயத்தங்காய்ப் பாத்தி தளதளவென்று இருந்தது.

"அது யாருது?"

"என்னோடதுதான் சார். வேற மண்ணு," என்றான் மருதப்பன்.

கொட்டகையில் மீதி விதை சாக்கில் கிடந்தது. விதை மேலெல்லாம் ரோஸ் நிறத் தூள். எறும்புகள் தூளைச் சுமந்து சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்து ஆணியில் ஒரு துண்டு தொங்கியது.

"இது?"

களையெடுக்கும் பூவம்மா முன்னால் வந்தாள். "மருதப்பண்ணன் துண்டு. மருந்து நெடி தாங்காது. நனைச்சு மூக்குல கட்டிக்கிட்டுத்தான் கலப்பாரு."

"இந்தத் தடவையும் கட்டினாரா?"

"எங்க? வெத்தலையக் குதப்பிக்கிட்டே கலந்தாரு. மருந்து ஒட்டுன விரலாலயே சுண்ணாம்பு தடவுனாரு. 'செத்துக்கித்துப் போயிடாதண்ணே'ன்னு நான்கூடச் சிரிச்சேன்."



மணி 9.40.

"மருந்த மாத்தினது நீதான்யா மருதப்பா," என்றார் தனசேகரன். "கடைக்கார நானா ஏமாத்தியிருந்தா உனக்கு அது தெரிஞ்சிருக்காது. நெசமான விஷம்னு நெனச்சு எப்பவும் போல துண்டு கட்டியிருப்ப. நீ கட்டல. ஏன்னா உள்ள இருக்கறது சாயம் போட்ட அரிசி மாவுன்னு உனக்குத் தெரியும். எறும்பு சும்மா மொய்க்கல. மருந்து வேலிக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு."

மருதப்பன் அப்படியே குந்திவிட்டான். "என் பாத்தியும் போன தடவ அழுகிப் போச்சு சார். அதான்..."

ஜீப் அவனை ஏற்றிக்கொண்டு போனது. ஒலி முகம்மது நடந்தே திரும்பத் தயாரானார். சிங்காரம் தலையைச் சொறிந்துகொண்டு பின்னாலேயே வந்தார்.

"நானா... மறுபடி விதைக்கணும். ஒரு டின்னு..."

ஒலி முகம்மது நின்றார். கொட்டகைக்குள் போய் அந்தத் துண்டை எடுத்து வந்து சிங்காரத்தின் கையில் வைத்தார்.

"வாங்க, தரேன். இந்தத் தடவை நீங்களே கட்டிக்கிட்டுக் கலங்க."