யாரும் திட்டாத பதினொரு பேர்

"இந்த சீசனும் ஊத்திக்கும்பா, எழுதி வச்சுக்கோ," என்றார் ஏகாம்பரம், சட்டையில் குத்தியிருந்த செவிவில்லையைத் துடைத்தபடி.

வியாசர்பாடி, 2049. வடகரை மகளிர் கல்லூரியின் கால்பந்து மைதானம். ஐந்து மணிக்கு அணிப் பட்டியல் வரும். கேலரியில் இருநூறு பேர். இருநூறு சட்டைகளிலும் செவிவில்லை. அந்த வில்லைகள் வழியாக ரசிகர்களின் விவாதங்களைக் கேட்டு, அணி தேறுமா என்று 'கணிப்பி' என்ற இயந்திரம் சொல்லும். தினமும் பயிற்சி பார்ப்பவர்களைவிடப் பெரிய நிபுணர்கள் யார்? பெங்களூரில் அதன் கணிப்பு பத்துக்கு ஒன்பது பலித்தது. இங்கே வந்து மூன்று மாதம்.

"டிஃபென்ஸ் ஓட்டைதான். ஆனா முன்னால உம் பொண்ணு வினோதினி கீறாளே!" என்றார் ஜெபராஜ்.

ஏகாம்பரத்துக்குத் திக்கென்றது. "அவளா? லெஃப்ட் கால் மரக்கட்ட மேரி. பந்து எங்க போவுதுன்னு அவளுக்கே தெரியாது."

ஜெபராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டார். பேர் சொல்லிப் புகழ்ந்தால் கண்ணு பட்டுக் கால் உடையும். நன்றாக ஆடுபவளைத்தான் சத்தமாகத் திட்ட வேண்டும். இந்தக் கேலரியின் சட்டம் அது. "ஆமாமா, சரியான சொத்தை!"

போன சீசனில் பத்தொன்பது கோல் அடித்த சொத்தை. இந்த வருடமும் ஆடினால் தேசிய முகாம் நிச்சயம்.

ஐந்து மணி. ஒலிபெருக்கியில் கணிப்பியின் குரல். "இந்த ஆண்டிலிருந்து அணியையும் நானே தேர்வு செய்கிறேன்."

பதினொரு பெயர்கள். வினோதினி இல்லை.

கோட்டருகே பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த வினோதினியின் விரல்கள் அப்படியே நின்றன. பயிற்சியாளர் கையை விரித்தார்.

"ஏகா..." ஜெபராஜ் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "நாம யாரையெல்லாம் திட்டலையோ, அவங்கதான்பா மொத்த டீமும்!"

ஏகாம்பரம் படிகளில் தடதடவென்று இறங்கிக் கோட்டோரம் இருந்த கணிப்பியின் திரைமுன் நின்றார். "யோவ்! எம் பொண்ண இன்னாத்துக்குத் தூக்கின? பத்தொம்போது கோலுய்யா!"

"அது போன வருடத்துக் கால். இந்த வருடத்துக் காலை நேரில் பார்ப்பவர்கள் நீங்கள். அவளைப் பற்றிய குறைகள் இரண்டாயிரத்துப் பதினாறு. அவற்றில் நானூற்று நாற்பது உங்களுடையவை. பெற்ற அப்பாவே மகளைக் குறை சொன்னால் பொய்யாக இருக்காது. எனவே உங்கள் சொல்லுக்குப் பத்து மடங்கு எடை கொடுத்தேன்."

"அய்யோ, கண்ணு படக்கூடாதுன்னு சொன்னதுய்யா அது!"

"அப்படியொரு விதி என்னிடம் இல்லை. மறுப்பு சொல்லப் பத்து வினாடி."

ஒன்பது. எட்டு. கூட்டத்தின் நடுவே மகளைப் புகழ்ந்து ஒரு வார்த்தை ஏகாம்பரம் சொன்னதே இல்லை. மூன்று. இரண்டு.

"எம் பொண்ணு லெஃப்ட் கால் மேரி இந்த ஊர்லயே ஒரு கால் கெடையாதுய்யா!"

மைதானம் முழுக்க எதிரொலித்தது.

"அப்பாவின் பாராட்டு," என்றது கணிப்பி. "எடை பூஜ்யம்."

ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார். கேலரியின் நானூறு கண்களும் வினோதினியின் இடது காலையே வெறித்துக்கொண்டிருந்தன.