சத்தமில்லாத இடம்

"ஊர்ல எம்புட்டு இடமிருக்க, நம்ம புள்ள போன குவாரிதேன் கெடச்சுச்சா ஒனக்கு?"

"நானா எடுத்தேன்? கம்ப்யூட்டர் வரைபடந்தேன்..."

"மௌசப் பிடிச்ச கை யாரு கை?"

"...ரோட்டை அழிச்சேன், ரயிலை அழிச்சேன், கெட்டிப் பாறைய மட்டும் விட்டேன். சத்தமில்லாத இடந்தேங்க வேணும். நாச்சியாபுரந்தேன் மிஞ்சுச்சு."

"ஆமா. கீழ சத்தமே இல்லைன்னு சொன்னவதான நீ!"

ஞானபூரணி குனிந்து கருவியின் திருகை முடுக்கினாள். நிலநடுக்கத்தைப் பதியும் கருவிக்கு இடம் பார்ப்பது அவள் உத்தியோகம். தொண்ணூற்றைந்தில் இந்தக் குவாரி சரிந்தபோது, பள்ளிக்கூடம் விட்டுக் குறுக்குவழியில் வந்த மகள் வின்சி அடியில் போய்விட்டாள். மூன்றாம் நாள் பாறையில் காது வைத்துப் பார்த்து, "ஒண்ணுமில்ல" என்று சொன்னவள் இவள். மண்ணைப் படித்தவள் சொல்கிறாளே என்று தோண்டுவதை நிறுத்தினார்கள்.

உண்மையில் வரைபடத்தில் மிஞ்சியவை இரண்டு இடங்கள். சாக்கோட்டைப் பக்கத்துப் புள்ளியை அழித்தது அவள்தான். அதைக் கணவர் அருள்பிரகாசத்திடம் சொல்லவில்லை.

தகரக் கொட்டகைக்குள் மத்தியான வெக்கையும், பழைய வெடிமருந்து வாடையும், உருளையில் சுற்றிய தாளை ஊசி கீறிக்கொண்டே போகும் சன்னமான சத்தமும் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. கருவியைப் பாறையில் பதித்தாயிற்று. வேலை செய்கிறதா என்று பார்க்க, எப்போதும்போல் குதிகாலால் மூன்று முறை மிதித்தாள். ஊசி மூன்று முறை துள்ளி அடங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி துள்ளியது. மூன்று.

"மிதிச்சீகளா?"

"நான் வெளியிலதான நிக்கிறேன்."

"லாரி எதும் போச்சா?"

"ரோடு எங்குட்டு இருக்கு, லாரி எங்குட்டு வரும்?" அவர் உள்ளே வந்தார்.

அவள் ஐந்து முறை மிதித்தாள். காத்திருந்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்து.

சிலுவை போட எடுத்த அவர் கை நெற்றியிலேயே நின்றது. "பூரணி, வா, போயிருவோம்."

அவள் நகரவில்லை. மிதிக்கவும் இல்லை. ஊசி நிற்கவில்லை. அடி. அடி. அடி. தாள் கறுத்துக்கொண்டே வந்தது.

அவள் குப்புறப் படுத்தாள். அன்றுபோலவே காதைப் பாறையில் வைத்தாள். சில்லிட்டது. ஒரு சத்தமும் இல்லை. அன்றும் இப்படித்தான், ஒரு சத்தமும் இல்லை. தலைக்கு மேலே ஊசி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"வின்சி... அன்னைக்கும் இப்படித்தேன் தட்டுனியாடி?"